அயல் வீட்டுச் சன்னல்

சென்ற திங்கள் இப்பகுதியை முடிக்கும்போது, அடுத்த முறை தேர்வுக் காலத்தில் பெற்றோர் நடந்துகொள்ள வேண்டிய முறை பற்றி எழுதுவதாக வாக்களித்திருந்தேன். அவ்வாக்கை இம்முறை நிறைவேற்ற இயலவில்லை, பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். எங்கள் குடியிருப்பில் இரண்டு மாதங்களாக நடந்துவந்த ஒரு வழக்கு என் சிந்தையை முழுவதும் பிடித்துக்கொண்டுவிட்டது. நீதிமன்றத்தில் நடந்த வழக்கன்று. படிக்கட்டிலும், தண்ணீர்த் தொட்டி அருகிலும், மொட்டை மாடியிலும், ஞாயிறு காலையில் இறைச்சிக் கடை வாசலிலும் நடந்த வழக்கு. அதில் நானும் ஒரு கட்சியைச் சேர்ந்தவன். ஆகையால் நடுநிலை நின்று எழுதுவதாகப் பாசாங்கு செய்யப் போவதில்லை.

திருச்சிராப்பள்ளி நகரத்தின் எல்லையில் அமைந்தது எங்கள் குடியிருப்பு. நான்கு கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் தரைத் தளமும் அதன்மேல் மூன்று மாடிகளும், ஆக 64 வீடுகள். கட்டடங்களுக்கு நடுவே ஒரு வெற்றிடம். 19 ஆண்டுகளுக்கு முன் நாங்கள் குடிவந்தபோது அது வெறும் மணல் தரை. கோடையில் பெண்கள் அங்கே வடகம் காயவைப்பார்கள். பொங்கலுக்கு அங்கேதான் பானை வைப்போம். கிறிஸ்து பிறப்புக்குப் பிள்ளைகள் அங்கேதான் குடில் கட்டுவார்கள். மற்ற நாட்களில் அது பூனைகளுக்குச் சொந்தம்.

இவ்வாண்டின் தொடக்கத்தில் எங்கள் நலச் சங்கத்தின் பொதுக்குழு கூடி, அவ்விடத்தில் சிமெண்டுத் தளம் போட்டு ஒரு கூடைப்பந்துக் கம்பம் நடுவதென்று தீர்மானித்தது. வீட்டுக்கு 1,500 ரூபாய். முழு ஆடுகளத்துக்கு இடம் போதாது. ஆகவே ஒரே ஒரு கம்பம், பாதி ஆடுகளம். தீர்மானத்தை முன்மொழிந்தவர் சங்கச் செயலாளர். வழிமொழிந்தவன் நான்.

வழிமொழிந்ததற்குக் காரணம் என் பேத்தி. அவளுக்கு வயது 13. பள்ளிக் கூடைப்பந்துக் குழுவில் சேர்ந்திருக்கிறாள். அவள் வயதுப் பையன்கள் மாலையில் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள திடலுக்குப் போய், இருட்டிய பின் வியர்வையோடு வீடு திரும்புகிறார்கள். யாரும் ஒன்றும் கேட்பதில்லை. பெண் பிள்ளை அவ்வாறு போய்வர எந்த வீட்டில் விடுகிறார்கள்? என் மருமகள் விடுவதில்லை. உண்மையைச் சொன்னால் நானும் விடமாட்டேன். எங்கள் குடியிருப்பில் அவளைப் போல் பள்ளிக்குச் செல்லும் பெண் பிள்ளைகள் பதினொருவர். மதிலுக்குள்ளே ஒரு கம்பம் இருந்தால் இவர்களும் கால் வீசி ஓடி ஆடலாமே என்பது என் எண்ணம். அந்த எண்ணத்தில் பிழை ஒன்றும் இருந்ததாக இன்றும் நான் கருதவில்லை.

கம்பம் நட்ட அன்று மாலை பிள்ளைகள் போட்ட ஆரவாரத்தைக் கேட்க வேண்டுமே! பத்தடி உயரத்தில் உள்ள வளையத்துக்குள் என் பேத்தி முதற்பந்தை இட்டபோது நான் எங்கள் இரண்டாம் மாடியில் நின்று, வயதை மறந்து, கைதட்டினேன்.

இரண்டு கிழமைகள் கழித்துச் சங்கத்துக்கு ஒரு மடல் வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். கம்பத்துக்கு நேர் பின்னே, மேற்குக் கட்டடத்தின் தரைத் தளத்தில் குடியிருப்பவர். அவருடைய கணவர் மூன்று ஆண்டுகளுக்கு முன் பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்தவர். மடல் இரண்டு பக்கம். செயற்குழுக் கூட்டத்தில் செயலாளர் அதன் முதல் வரியை மட்டும் படித்தார்: கூடைப்பந்து ஆட்டத்தினால் எங்கள் இல்லத்தில் நிம்மதியாக இருக்க முடியவில்லை என்பது அந்த வரி. அதற்கு மேல் படிக்க வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. ஆளுக்கொரு சொல் சொன்னார்கள். “வயதானால் எல்லாம் எரிச்சல்தான்” என்றார் ஒருவர். “பிள்ளை பெறாதவருக்குப் பிள்ளைகளின் அருமை தெரியுமா?” என்றார் மற்றொருவர். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பிள்ளைகளின் சத்தம் கேட்கக்கூடாது என்றால் கல்லறைத் தோட்டத்தில்தான் வீடு பார்க்க வேண்டும்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

செயலாளர் கணக்கில் கெட்டிக்காரர். அவர் தம் கைப்பேசியில் ஒலியை அளக்கும் வசதியை வைத்துக்கொண்டு, மறுநாள் மாலை அந்த அம்மையாரின் சன்னலுக்கு வெளியே கால்மணி நேரம் நின்று அளந்தார். 2000-ஆம் ஆண்டில் நடுவண் அரசு வகுத்த ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை 55 டெசிபெல்லும், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபெல்லும் வரம்பு. அவர் அளந்த சராசரி 55-க்குச் சற்றுக் கீழேயே நின்றது. “சட்டம் நம் பக்கம்” என்று அறிவிப்புப் பலகையில் எழுதியே ஒட்டிவிட்டார். வழக்கு முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம்.

ஒரு புதன்கிழமை மாலை. என் மனைவி இடியாப்பமும் தேங்காய்ப் பாலும் ஒரு தூக்கில் எடுத்துவைத்து, “டீச்சர் வீட்டு ஐயாவுக்கு இதுதான் எளிதாக இறங்கும். நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள், வழிமொழிந்தவர் நீங்கள்தானே?” என்று என் கையில் தந்தாள். மறுத்துப் பேச வழியில்லாத இடம் அது. போனேன்.

“வாருங்கள் தம்பி, உட்காருங்கள்” என்று டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவருக்கு என்னைவிட எட்டு வயது கூடுதல். முதல் நாளிலிருந்தே என்னைத் தம்பி என்றுதான் அழைப்பார். கட்டில் சன்னலோரம் கிடந்தது. வீட்டில் காற்று வரும் அறை அது ஒன்றுதான். ஐயா கண்மூடிப் படுத்திருந்தார். ஒரு காலத்தில் இரயில்வேயில் பணியாற்றிய, நெடிய, கம்பீரமான மனிதர். பேச்சு போய்விட்டது, நினைவு போகவில்லை.

மணி ஐந்தே கால். வெளியே பந்து ஆடத் தொடங்கினார்கள். பிள்ளைகளின் கூச்சல் கேட்டது, இனிமையாகவே இருந்தது. திடீரென்று ‘டமால்’ என்று ஓர் ஓசை. இரும்புத் தகட்டுப் பலகையில் பந்து மோதிய ஓசை. எங்கள் இரண்டாம் மாடிக்கு வந்து சேரும் ஓசைக்கும் இதற்கும் உறவே இல்லை. சன்னல் கம்பி அதிர்ந்தது. ஐயாவின் வலக்கை, அசைவுள்ள கை அது ஒன்றுதான், போர்வையைச் சுருட்டிப் பிடித்தது. பிறகு தரையில் பந்து தட்டும் ஓசை. அது காதுக்கு வந்ததைவிட, நான் கால் வைத்திருந்த தரை வழியாக வந்தது என்றே சொல்ல வேண்டும். பின்னர் அமைதி. அந்த அமைதியில் ஐயாவின் கை தளரவில்லை. அடுத்த மோதலை எதிர்பார்த்து அப்படியே இருந்தது. அது எப்போது வரும் என்று தெரியாது. பத்து நொடியிலும் வரலாம், ஒரு நிமிடம் கழித்தும் வரலாம். இருபது நிமிடம் அங்கே உட்கார்ந்திருந்தேன். அதற்குள் என் தோள்களும் இறுகிப்போயிருந்ததை எழுந்து நிற்கும்போதுதான் உணர்ந்தேன்.

“நான் 34 ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தவள், தம்பி” என்றார் டீச்சர். “ஒரு வகுப்பில் அறுபது பிள்ளைகள். பிள்ளைகளின் குரல் எனக்குச் சத்தமா? அது இல்லாமல் ஓய்வுபெற்ற பிறகு ஓராண்டு எனக்குத் தூக்கமே வரவில்லை. என் மடலில் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல் எழுதியிருக்கிறேனா? அந்தப் பலகையைப் பற்றித்தானே எழுதினேன்?”

நான் மடலைப் படிக்கவில்லை என்று சொல்ல நேர்ந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே சென்று படியெடுத்து வைத்திருந்த தாள்களைக் கொண்டுவந்தார். அழகிய, வட்டமான, பலகையில் எழுதிப் பழகிய கையெழுத்து. இரண்டாம் பக்கத்தில் இருந்தது இது: கம்பத்தை அகற்ற வேண்டாம், கிழக்கு மதிலோரம் மோட்டார் அறையை ஒட்டி மாற்றி நட முடியுமா என்று பார்க்கவும். பிற்பகல் ஒன்றரை மணி முதல் நான்கு மணி வரை ஆட்டம் வேண்டாம். அப்போதுதான் நோயாளி உறங்குகிறார். இரவு எட்டு மணிக்கு விளக்கை அணைக்கவும். புதுத் தளத்தை எங்கள் சுவரோடு ஒட்டிப் போட்டிருப்பதால் அதிர்வு வீட்டுக்குள் வருகிறது; கொத்தனாரைக் கேட்டு ஆவன செய்யவும். அவ்வளவுதான். பொதுக்குழுவில் வைத்திருந்தால் கால்மணி நேரத்தில் முடிந்திருக்கக்கூடிய செய்தி.

“கிழக்கு மதிலோரம்” என்று நான் முணுமுணுத்தேன்.

“ஆமாம் தம்பி. அது உங்கள் கட்டடத்துப் பக்கம்தான். அதனால்தான் வீட்டு எண் ஒன்றும் குறிப்பிடாமல் எழுதினேன்.”

அன்பு வாசகர்களே, அன்று நான் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது என் மனம் இரண்டாகப் பிளந்திருந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் நடந்தது வேறு. டீச்சர் சொல்வது முற்றிலும் நியாயம் என்று என் மனம் ஒன்றாகவே நின்று ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டுவிட்டு, அதை யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டது. நான்கு நாட்கள் நான் வாய் திறக்கவில்லை. செயலாளரைப் படிக்கட்டில் பார்த்தபோதும் மின்கட்டணத்தைப் பற்றிப் பேசினேன். ஏன்? கம்பம் கிழக்கே வந்தால் என் சன்னலிலிருந்து முப்பதடி. பிள்ளைகளின் ஆட்டத்தைப் பற்றி நான் அவ்வளவு இனிமையாகப் பேசியதெல்லாம், அந்தப் பலகை வேறொருவர் கட்டிலருகே இருந்தபோது பேசிய பேச்சு.

இடையில் ஒலியைப் பற்றிச் சிறிது தெரிந்துகொண்டேன். கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் என் தங்கை மகன் விளக்கினான். விதிகளில் சொல்லப்படும் 55 என்பது ஒரு கால அளவின் சராசரி. இடைவிடாமல் சுழலும் மின்விசிறியையும், ஐந்து நிமிடம் ஓய்ந்து ஒரு நொடி வெடிக்கும் ஓசையையும் சராசரி என்ற முறத்தில் போட்டுப் புடைத்தால் இரண்டும் ஒரே எடையாகத் தெரியலாம். மனிதக் காதுக்கு அவை ஒன்றல்ல. சீராக வரும் ஓசைக்கு மூளை பழகிவிடுகிறது. எதிர்பாராமல் வெடிப்பதற்குப் பழகுவதில்லை. திறந்த வெளியில் ஓசை பிறக்கும் இடத்திலிருந்து தொலைவு இருமடங்கானால் ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும். 15 அடியில் இருக்கும் கம்பத்தை 60 அடிக்குக் கொண்டுபோனால் 12 டெசிபெல். அதாவது காதுக்குப் பாதிக்கும் கீழாகத் தோன்றும். எதிரெதிர்ச் சுவர்கள் இருந்தால் ஓசை மோதித் திரும்புவதால் அவ்வளவு குறையாது. மோட்டார் அறையின் சுவரில் சன்னலே இல்லை என்பதைக் கவனித்து அந்த இடத்தை எழுதியிருந்த டீச்சர் இயற்பியல் படித்தவரல்லர். மூன்று ஆண்டுகளாகச் சன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்.

ஐந்தாம் நாள் மாலை செயலாளரிடம் மடலின் இரண்டாம் பக்கத்தைப் பற்றிச் சொன்னேன். அவரும் நல்ல மனிதர்தான். முகம் சிவந்துபோயிற்று. அடுத்த ஞாயிறு பொதுக்குழுவைக் கூட்டிவிட்டார்.

கூட்டம் அந்த வெற்றிடத்திலேயே நடந்தது. மடல் முழுவதும் படிக்கப்பட்டது. மூன்றாம் கட்டடத்தில் வழக்கறிஞர் ஒருவர் இருக்கிறார். அவர் எழுந்து, “இது நமக்கு மட்டும் வந்த தொல்லையன்று; இங்கிலாந்தில் இதைப் போன்ற வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரையில் போயிருக்கிறது. சட்டம் பயிலும் மாணவர்கள் எல்லாரும் படிப்பார்கள்” என்று கூறி, அதை எங்களுக்கு விளக்கினார்.

இங்கிலாந்தின் வடபகுதியில், டர்ஹாம் மாவட்டத்தில், லின்ட்ஸ் என்னும் சிற்றூர். அங்கே ஏறத்தாழ 70 ஆண்டுகளாகக் கிரிக்கெட் ஆடிவந்த ஒரு திடல் இருந்தது. 1972-ஆம் ஆண்டளவில் அதற்கு அடுத்த நிலத்தில் வரிசையாக வீடுகள் எழுந்தன. வீடு வாங்கிக் குடிவந்த ஒரு தம்பதியரின் தோட்டத்தில் பந்துகள் வந்து விழுந்தன, ஓடுகள் உடைந்தன. ஆட்டக்காரர்கள் 1975-இல் வேலியை ஏறத்தாழ 15 அடி உயரத்துக்கு உயர்த்தினார்கள். உடைந்ததற்குப் பணம் தருவதாகவும் சொன்னார்கள். ஆனாலும் பந்துகள் முற்றிலும் நின்றபாடில்லை. ஆட்ட நேரங்களில் அத்தம்பதியர் வீட்டை விட்டு வெளியே போய்விடுவார்களாம். வழக்குத் தொடுத்தார்கள். முதல் நீதிமன்றம் ஆட்டத்துக்குத் தடை விதித்தது. 1977-இல் மேல்முறையீட்டில் மூன்று நீதிபதிகள் அமர்ந்தார்கள். அவர்களுள் புகழ்பெற்ற டெனிங் பிரபு ஊருக்குப் பொதுவான ஆட்டத்தின் பக்கம் நின்றார். தடை நீக்கப்பட்டது, ஆட்டம் தொடரலாம் என்று தீர்ப்பாயிற்று.

இதைக் கேட்டதும் இளைஞர்கள் கைதட்டினார்கள். செயலாளர்கூடச் சிறிது தலைநிமிர்ந்தார்.

டீச்சர் பின்வரிசையில் இருந்து எழுந்தார். “ஐயா, ஒரு சந்தேகம். அந்த அம்மாவுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லையா?”

வழக்கறிஞர் தயங்கினார். கிடைத்தது என்றார். மூவரில் இருவர், அத்தம்பதியருக்கு நேர்ந்தது தவறுதான், ஆட்டக்காரர்கள் அதற்குப் பொறுப்புடையவர்கள்தாம் என்று கூறிவிட்டார்கள். டெனிங் பிரபு மட்டுமே தவறே இல்லை என்றார். ஆனால் அந்த இருவரில் ஒருவர், தவறு என்றாலும் ஊரார் ஆட்டத்தையே நிறுத்துவது முறையாகாது என்று கருதி டெனிங்குடன் சேர்ந்துகொண்டார். ஆகத் தடை இல்லை. நட்டஈடாக 400 பவுண்டு தரவேண்டும் என்று முடிந்தது.

“அப்படியானால் தவறு என்பது நிலைத்தது” என்றார் டீச்சர். “இன்னொன்று. அங்கே திடல் முதலில் இருந்தது. வீடு பிறகு வந்தது. இங்கே நான் வந்து 19 ஆண்டு. கம்பம் வந்து இரண்டு மாதம்.” உட்கார்ந்துவிட்டார்.

வழக்கறிஞருக்கு டீச்சரின் கேள்வி பிடித்துப்போயிற்று என்று நினைக்கிறேன். யாரும் கேட்காமலே இன்னொரு வழக்கையும் சொன்னார். 1879-இல் இலண்டனில் நடந்தது. ஒரு மிட்டாய்க்காரர் தம் சமையற்கூடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பெரிய உரல்களில் இடித்துக்கொண்டிருந்தார். பின்புறத்து வீட்டு மருத்துவர், நோயாளிகளைப் பார்க்க அந்தச் சுவரை ஒட்டி ஓர் அறை கட்டினார்; கட்டிய பிறகு உரலின் ஓசை தாங்கவில்லை என்று வழக்குத் தொடுத்தார். உரல் முன்பே இருந்தது என்ற வாதம் எடுபடவில்லை, மருத்துவரே வென்றார். முன்னே வந்தவன் பின்னே வந்தவனுக்கு எதையும் செய்யலாம் என்பது சட்டமில்லை என்பது இதிலிருந்து விளங்குகிறது. எங்கள் வீட்டு மாவரைக்கும் கல்லை நினைத்துக்கொண்டு நான் சற்றே கலங்கினேன் என்பது வேறு கதை.

இந்த இடத்தில்தான் கூட்டம் நான் எதிர்பாராத வழியில் திரும்பியது. கார் வைத்திருக்கும் அன்பர் ஒருவர் எழுந்து, மிகுந்த பரிவோடு, “டீச்சருக்கு இவ்வளவு துன்பம் என்றால் கம்பத்தையே எடுத்துவிடலாம். தளம் போட்டாயிற்று; வண்டிகள் நிறுத்த வசதியாக இருக்கும்” என்றார். நான்கைந்து குரல்கள் ஆதரித்தன. அவர்களில் மூவர், இரண்டு மாதங்களுக்கு முன் டீச்சரைப் பற்றிச் சிரித்தவர்கள்.

இது எத்தனை குடியிருப்புகளில் நடக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? ஊஞ்சலின் கிறீச்சொலியைப் பற்றி ஒருவர் முறையிடுவார். ஊஞ்சலுக்கு எண்ணெய் இடாமல் ஊஞ்சலையே கழற்றிவிடுவார்கள். ஆறு மாதத்தில் அங்கே வண்டிகள் நிற்கும். என் தம்பி குடியிருக்கும் இடத்தில் இவ்வாறே ஆயிற்று. முறையிட்டவரின் பெயர் மட்டும் என்றென்றும் பிள்ளைகளின் வாயில் நிற்கிறது. பெரிய மனைப்பிரிவுகளில் இதைத் தடுக்கத்தான் தமிழ்நாட்டு விதி இருக்கிறது. சாலைகள் நீங்கலாக 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலமானால், அதில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைத்தாக வேண்டும். எங்களுடையது சிறிய இடம். அந்த விதிக்குள் வராது. 64 வீட்டாருக்கும் பிரிவுபடாத பங்கு. பங்காளிகள் மனம் வைத்தால் அதை எதுவாகவும் மாற்றிவிடலாம், யார் கேட்பது?

டீச்சர் மறுபடியும் எழுந்தார். இம்முறை குரல் உயர்ந்தது. “நான் கேட்காததை என் பெயரால் செய்யாதீர்கள். கம்பம் போனால் அந்தப் பெண் பிள்ளைகள் எங்கே போவார்கள்? சாலைக்கா?”

வழக்கறிஞர் பெங்களூரு வழக்கு ஒன்றை நினைவூட்டினார். ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கம் என்னும் குடியிருப்பில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்துவிட்டார்கள். மருத்துவமனை நல்ல காரியம்தானே என்று சும்மா இருக்காமல் அக்கம்பக்கத்தார் எதிர்த்து நின்றார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. பிள்ளைகள் விளையாடவும் மக்கள் காற்று வாங்கவும் விட்ட இடத்தை வேறொன்றுக்குத் தர அதிகாரமில்லை, அதைத் தட்டிக்கேட்க அங்கே வாழ்பவர்களுக்கு உரிமை உண்டு என்று சொன்னது. அயலாரின் எதிர்ப்பு என்றாலே நாம் முகம் சுளிக்கிறோம். அந்தப் பூங்காவைக் காத்தது அயலாரின் எதிர்ப்புத்தான்.

கார் அன்பர் உட்கார்ந்தார். செயலாளர், “சரி, கிழக்கு மதிலோரம் மாற்றலாம். அப்பக்கம் சன்னல் உள்ளவை நான்கு வீடுகள். அவர்கள் என்ன சொல்கிறார்கள்?” என்று கேட்டார்.

கையை உயர்த்தி வாக்கெடுப்பு நடத்தாமல் அவர் இப்படிக் கேட்டதற்காக அவருடைய பழைய பிழைகளையெல்லாம் நான் மன்னித்துவிட்டேன். முதல் கூட்டத்தில் வாக்கெடுத்தோம். ஐம்பத்தெட்டு வீட்டார் ஆதரவு. அந்த ஐம்பத்தெட்டில் எத்தனை வீட்டுக்குள் பலகையின் ஓசை போகும் என்று யார் எண்ணினார்கள்? ஆட்டத்தின் இன்பம் எல்லாருக்கும் பங்கிடப்படுகிறது. அதன் ஓசையோ எப்போதும் இரண்டு மூன்று சன்னல்களுக்குள் மட்டுமே போய் விழுகிறது. அந்த இரண்டு மூன்று பேர் எந்த வாக்கெடுப்பிலும் வெல்ல முடியாது. உங்கள் குடியிருப்பில் ஊஞ்சலோ, இறகுப்பந்துத் திடலோ, உடற்பயிற்சிக் கூடமோ அமைக்கப் போகிறீர்கள் என்றால், தீர்மானம் எழுதும் முன்பே அந்தச் சன்னல்களுக்குள் போய் ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். கம்பத்தை நட்ட பிறகு மாற்ற எங்களுக்கு ஆன செலவு 22,000 ரூபாய். நடுமுன் கேட்டிருந்தால் ஒரு கோப்பைத் தேநீரோடு போயிருக்கும்.

நான்கு வீடுகளில் யாரும் பேசவில்லை. என் மனைவி என்னைப் பார்க்கவே இல்லை. தன் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அது போதுமானதாக இருந்தது. எழுந்து, எங்களுக்குத் தடையில்லை என்றேன். கீழ் வீட்டாரும் சம்மதித்தனர். தரைத் தளத்தில் இருப்பவர் ஒரு நிபந்தனை வைத்தார்: இரும்புத் தகட்டை நீக்கி மரப் பலகை போடவேண்டும். எனக்கு நேர் மேலே மூன்றாம் மாடியில் இருப்பவர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். அவர் வங்கியில் இரவுப் பணி பார்ப்பவர்; காலையில் வந்து படுத்து நண்பகலில் எழுபவர். விடுமுறை நாட்களில் காலை பத்து மணி வரை ஆட்டம் இல்லை என்று பின்னர் சேர்த்துக்கொண்டோம். இருந்தும் அவர் இன்றளவும் என்னோடு பேசுவதில்லை. அவருக்காக யாரும் பேசவில்லை என்பது அவர் குறை. அதில் உண்மை இருக்கிறது. நான் என் சார்பில் சொன்ன சம்மதம் அவருடைய மறுப்பை வலுவிழக்கச் செய்துவிட்டது. அவர் வீட்டுக் கதவை இரண்டு முறை தட்டினேன். மூன்றாம் முறையும் தட்டுவேன்.

கொத்தனார் வந்து டீச்சர் வீட்டுச் சுவரோரம் தளத்தை ஒரு சாண் அகலத்துக்கு வெட்டி எடுத்து மணல் நிரப்பினார். கம்பம் மோட்டார் அறைப் பக்கம் போயிற்று. மரப் பலகைக்கும் இரும்புச் சட்டத்துக்கும் இடையே ரப்பர் வளையங்கள் வைத்து முடுக்கினார்கள். ஓசை நின்றுவிட்டதா? நிற்கவில்லை. ‘டமால்’ என்றது இப்போது ‘தொப்’ என்கிறது. அதுவும் எங்கள் சன்னலில்தான். முதல் கிழமையில் நான் படிக்க எடுத்த நூலில் ஒரே பக்கத்தை மூன்று நாள் படித்தேன்.

டீச்சர் வீட்டுக்கு நேற்று முன்தினம் சென்றிருந்தேன். சன்னல் முழுவதும் திறந்திருந்தது. ஐயாவைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். அவர் பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலக்கை போர்வையின் மேல் விரிந்து கிடந்தது. கல்லறைத் தோட்டத்தைப் பற்றி நான் சொன்னதை டீச்சரிடம் ஒப்புக்கொண்டுவிடலாமென்று வாயெடுத்தேன். “அது எனக்கு அன்றைக்கே தெரியும், தம்பி. காப்பி ஆறுகிறது, குடியுங்கள்” என்றார்.

நேற்று மதிய உணவுக்குப் பின் சிறிது கண்ணயர்ந்தேன். ‘தொப்’ என்றது. கடிகாரத்தைப் பார்த்தேன், மணி இரண்டரை. நான்கு மணி வரை ஆட்டமில்லை என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது. மறுபடியும் ‘தொப்’. விதியைப் போட்ட மை உலரும் முன்பே மீறுகிறார்களே என்று சினம் மூண்டது. மேசையில் அமர்ந்து, தாளை எடுத்து, ‘சங்கச் செயலாளர் அவர்களுக்கு’ என்று தொடங்கியும்விட்டேன். யாரென்று பெயர் குறிக்க வேண்டுமே என்று சன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தேன்.

என் பேத்தி. அடுத்த கிழமை பள்ளியில் போட்டியாம்.